ஒரு சில்லறைக் கடைக்காரன் பார்த்த ஜார்ஜ் டவுன்

வியாழன்

சென்னையின் ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் அண்ணாந்தபடியே நடக்கிறார்கள். மேல்மாடத்து வளைவு, சுதைவேலை, வண்ணக் கண்ணாடி பதித்த சன்னல் என்று அவர்கள் கண் மேலேயே இருக்கிறது. நான் பாளையங்கோட்டையில் நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்பவன். என் கண் தானாகக் கீழ்த்தளத்துக்குத்தான் போகிறது. என்ன சரக்கு, எவ்வளவு அடுக்கியிருக்கிறது, கல்லாவில் முதலாளியா சம்பளக்காரரா, வாசலில் நிற்கும் வண்டி ஏற்றுகிறதா இறக்குகிறதா என்றுதான் பார்ப்பேன். இந்தக் கோணலைப் பொறுத்துக்கொள்பவர்கள் மேலே படிக்கலாம்.

எழும்பூரில் இறங்கி, மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வந்து, அங்கிருந்து மண்ணடிக்கு நடந்தேன். அறையில் சன்னல் இருக்கிறது. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். விடியற்காலையிலேயே கீழே சாமான் இறக்கும் சத்தம் தொடங்கிவிட்டது. தூங்குவதற்கான ஊர் அல்ல இது.

பாரிமுனையிலிருந்து தொடங்கினேன். தாமஸ் பாரி 1788-ல் சென்னைக்கு வந்த வெள்ளைக்கார வியாபாரி. 1824-ல் காலராவில் இறந்துபோனார். இன்றைக்கும் பஸ் நடத்துநர் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அவர் பெயரைக் கூவுகிறார். இப்படி ஒரு விளம்பரம் வேறு எந்த வியாபாரிக்கும் வாய்த்ததில்லை. பாரி கம்பெனிக் கட்டடமாக இப்போது நிற்கும் டேர் ஹவுஸ் 1940-ல் எழுந்தது. அந்த வளாகத்தில் ஓர் எல்லைத் தூண் இருக்கிறது. 1773-ல் நட்ட பதின்மூன்றில் மிஞ்சியது இது ஒன்றுதான். இந்தத் தூணுக்குத் தெற்கே, கோட்டைப் பக்கமாக, யாரும் வீடு கட்டக் கூடாது என்பது அதன் பொருள்.

கோட்டையை ஒட்டித்தான் முதலில் கருப்பர் நகரம் இருந்தது. உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் நெசவாளர்களும் வணிகர்களும், வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துத் தரகு செய்த துபாஷிகளும் குடியிருந்தார்கள். 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைக்கு அருகிலிருந்த வீடுகளை இடித்தார்கள். 1749-ல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்துத் தள்ளினார்கள். பீரங்கி சுடுவதற்கு வெட்டவெளி வேண்டுமாம். அங்கிருந்த பட்டணம் கோயிலும் போனது. பூக்கடைப் பக்கம் இப்போது இருக்கும் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்கள் அதற்கு மாற்றாகக் கட்டப்பட்டவை. ஆக, இப்போது நாம் ஜார்ஜ் டவுன் என்று சொல்வது அந்த ஊரின் இரண்டாவது பிறவி. முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை என்ற இரண்டு பேட்டைகளும் பருத்து இதுவாயின. ஐந்தாம் ஜார்ஜ் பெயரை வைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

உயர் நீதிமன்றம் 1892-ல் திறக்கப்பட்டது. அதன் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. கப்பலுக்கும் வழக்குக்கும் ஒரே கட்டடம் வழிகாட்டியிருக்கிறது. எனக்கு அதைவிட எதிர்ச்சாரிதான் சுவையாக இருந்தது. தட்டச்சர், நோட்டரி, முத்திரைத்தாள் விற்பவர், சட்டப் புத்தகக் கடை, வக்கீல் அங்கி தைப்பவர், ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர் என்று ஒரு நீதிமன்றம் எத்தனை அடுப்புகளை எரிய வைக்கிறது! தம்புச் செட்டித் தெருவுக்குள் போனால் மாடிக்கு மாடி வக்கீல் பலகைகள். என் கடைக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் சொன்னேன். ‘ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் சார்’ என்றார். டீ குடித்து வந்தபோது தயாராக இருந்தது, எழுத்துப்பிழை இல்லாமல். எங்கள் ஊரில் இதற்கு மறுநாள் வரச் சொல்வார்கள்.

அதே தெருவில் காளிகாம்பாள் கோயில். 1677-ல் சிவாஜி வந்து கும்பிட்டார் என்று அங்கே சொல்கிறார்கள். அர்ச்சனைத் தட்டு விற்பவரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்.

வெள்ளி

ஆண்டர்சன் தெரு. நான் வந்ததே இதற்காகத்தான்.

தெரு அகலமில்லை. இரண்டு பக்கமும் காகிதம். ரீம் கட்டுகள், அட்டைச் சுருள்கள், கல்யாணப் பத்திரிகை, டைரி, கணக்குப் புத்தகம், உறை, பைல். நடுவில் மீன்பாடி வண்டிகள். மூன்று சக்கரத்தில் மோட்டார் பொருத்திய இந்த வண்டி, பெயருக்குத்தான் மீனுக்கானது. காகிதம், இரும்புக் குழாய், ஆணிப்பெட்டி எதையும் ஏற்றும். பெரிய லாரி பகலில் இந்தப் பக்கம் நுழைய முடியாது என்பதால், இந்த வண்டிகள் ஓடவில்லை என்றால் ஜார்ஜ் டவுன் ஒரு மணி நேரத்தில் ஸ்தம்பித்துவிடும்.

பல வருடமாகத் தொலைபேசியில் மட்டும் பேசிய கடைக்குள் நுழைந்தேன். என் பேச்சைக் கேட்டதுமே முதலாளிக்கு ஊர் தெரிந்துவிட்டது. ‘வாங்க அண்ணாச்சி, உட்காருங்கள். குரலை வைத்து உங்களைக் குண்டானவர் என்று நினைத்திருந்தேன்’ என்றார். அவரை நான் வயதானவர் என்று நினைத்திருந்தேன். என்னைவிட இளையவர்.

கடையில் காகிதம் பார்ப்பது ஒரு கலை. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. பள்ளி நோட்டுக்கு ஐம்பத்து சொச்சம் போதும், ஜெராக்ஸ் தாள் எழுபது அல்லது எழுபத்தைந்து, கல்யாணப் பத்திரிகை அட்டை அதைவிடப் பலமடங்கு. புத்தகத்தில் இருக்கும் பாடம் இது. அவர் செய்ததோ வேறு. தாளின் மூலையைப் பெருவிரலால் தேய்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை கிழித்தார். ஒரு பக்கம் நேராகக் கிழிந்தது, மறுபக்கம் கோணலாக. நார் ஓடும் திசை தெரிந்துவிட்டது. அந்தத் திசைக்கு எதிராக மடித்தால் அட்டை வெடிக்கும். என்னிடம் பத்திரிகை வாங்கிய ஒரு பெண்வீட்டார் போன வருடம் கொண்டுவந்து காட்டிய வெடிப்புக்குக் காரணம் எனக்கு இங்கேதான் விளங்கியது.

ஒரே தெருவில் ஒரே சரக்கை இத்தனை பேர் விற்றால் ஒருவர் வியாபாரத்தை மற்றவர் தின்றுவிட மாட்டாரா? வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. உள்ளே அரை மணி நேரம் உட்கார்ந்தால் விடை கிடைக்கும். ஒரு வாடிக்கையாளர் இளநீல அட்டை கேட்டார். இருப்பில் இல்லை. முதலாளி இல்லை என்று சொல்லவில்லை. பையனைப் பார்த்தார், அவ்வளவுதான். நான்கு கடை தள்ளிப் போய்க் கட்டைத் தூக்கி வந்துவிட்டான் பையன். கணக்கு சாயங்காலம் தீரும். நாளைக்கு அந்தக் கடைப் பையன் இங்கே வருவான். தெரு முழுவதும் ஒரே கிடங்கு, கல்லாக்கள்தான் வேறு வேறு. வெளியூர்க்காரனுக்கும் இதில் லாபம் உண்டு. ஒரு கடையில் விலை கேட்டு, அடுத்ததில் குறைத்துக் கேட்டு, மூன்றாவதில் வாங்கலாம். அவர்களுக்கும் இது தெரியும். மூன்றாவது கடைக்காரர், ‘எதிரில் என்ன சொன்னார்கள்?’ என்றுதான் பேச்சையே தொடங்கினார்.

சில்லறைக்கு வருபவர்களிடம் இந்தத் தெரு கொஞ்சம் முகம் சுளிக்கும். ஒரு டைரி வாங்க வந்த மாணவியை இரண்டு கடைகள் திருப்பி அனுப்பின. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு டைரி விற்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனால் பத்துப் பேர் நின்று ரீம் கேட்கும் நேரத்தில் அந்த ஒற்றை டைரிக்குப் பில் போடும் பையனின் முகத்தையும் பார்த்தேன். முற்பகல் அவசரம் அடங்கியபின் போனால் கிடைக்கும்.

தினசரிக் காலண்டர் சிவகாசியில் அச்சாகிறது. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்து ஆல்பம் வெளிவரும். இங்கே கடைகளில் அந்த ஆல்பத்தைப் புரட்டி, முருகனா குழந்தையா நீர்வீழ்ச்சியா என்று தேர்ந்தெடுப்பார்கள். நகைக்கடைக்காரருக்கு லட்சுமி, மருந்துக்கடைக்காரருக்குக் குழந்தை என்று கடைப் பையனே முடிவு செய்து பக்கத்தைத் திறக்கிறான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

மதியம் அரண்மனைக்காரன் தெரு. அர்மேனியன் தெரு என்பதற்கு மக்கள் வைத்த பெயர் இது. எந்த அரண்மனையும் இல்லை. அர்மேனிய வணிகர்கள் பட்டும் ரத்தினமும் விற்றுக் கொழித்த காலத்தில் கட்டிய தேவாலயம் இருக்கிறது, 1772-ல் எழுந்தது. முற்றமெங்கும் கல்லறைப் பலகைகள், அவற்றின் மேல்தான் நடக்க வேண்டும். கும்பிடுவதற்கு அர்மேனியர் யாரும் ஊரில் மிஞ்சவில்லை என்றே சொல்லலாம். இங்கே அடக்கமான பாதிரியார் ஷ்மவோனியன் 1794-ல் இந்தச் சென்னையில்தான் ‘அஸ்தரார்’ என்ற இதழை அச்சிட்டார். உலகத்திலேயே அர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அது. அதற்குக் காகிதம் எங்கே வாங்கியிருப்பார் என்ற யோசனை என்னைத் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது.

தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடி, படச் சட்டம், வளையல். காசிச் செட்டித் தெருவில் பொம்மை, பேன்சி சாமான், சென்ட். இரண்டிலும் கடைக்குக் கொஞ்சம் வாங்கினேன். எழுதுவதற்கு ஒன்றுமில்லை, நசுங்காமல் வெளியே வந்தேன் என்பதைத் தவிர.

சனி

கோவிந்தப்ப நாயக்கன் தெருவை மூக்கால் கண்டுபிடிக்கலாம். மிளகு, மல்லி, பெருங்காயம். அடுத்து நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனமும் ஆய்வுக்கூடச் சாமான்களும். ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து. அங்கே ஓர் அம்மா, மகளின் பிரசவத்துக்கான சாமான் என்றுதான் சொன்னார். சீட்டு எதுவும் இல்லை. கடைக்காரர் திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய் என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து நிறுத்திக்கொண்டே வந்தார். எந்தெந்த மருந்தைச் சேர்த்து எப்படிக் கிளற வேண்டும் என்று வாயாலேயே சொல்லி முடித்தார். அம்மா எழுதிக்கொள்ளவில்லை. ‘மறந்தால் போன் செய்யுங்கள் அம்மா’ என்று பில்லைக் கையில் கொடுத்தார்.

இந்தத் தெருவில்தான் கந்தகோட்டம். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்த ராமலிங்க வள்ளலார் சிறுவயதில் வந்து பாடிய முருகன். கடைகளுக்கு நடுவே வாசல் தெரியாமல் போய்விடும். செருப்புக் குவியலைப் பார்த்து நுழைய வேண்டும். அந்த ஏழுகிணறும் ஒரு பழைய சேவைதான். 1772-ல் கோட்டைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக கேப்டன் பேக்கர் என்பவர் தோண்டிய கிணறுகள் அவை. தண்ணீர் கோட்டைக்குப் போனது, பேர் மட்டும் பேட்டைக்கு நின்றது.

கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. இரும்புக்குச் சாத்தங்காட்டில் தனிச் சந்தை கட்டினார்கள். செம்புதாஸ் தெருவில் இன்னும் குழாயும் வால்வும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நெரிசலைக் குறைக்க எல்லா மொத்த வியாபாரத்தையும் ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, இந்தக் கட்டடங்களைச் சுண்ணாம்படித்து அழகு பார்க்கலாம் என்று விரும்புகிறவர்கள் உண்டு. நல்ல மனிதர்கள்தான். சரக்கு வாங்கிப் பார்த்தவர்கள் இல்லை. கத்தரிக்காய் வாங்குபவனுக்குக் கத்தரிக்காய்ச் சந்தை போதும். என் கதை அப்படியல்ல. நான் ஆண்டர்சன் தெருவில் காகிதம், காசிச் செட்டித் தெருவில் பொம்மை, தேவராஜ முதலியில் படச் சட்டம் என்று ஒரே பகலில் நடந்து வாங்கி, ராத்திரி ரயிலேற வேண்டியவன். ஒன்றைச் சாத்தங்காட்டுக்கும் ஒன்றைச் செங்குன்றத்துக்கும் அனுப்பினால் ஆட்டோக்காரர்தான் பிழைப்பார். இந்தத் தெருக்களின் மதிப்பு, ஒன்று இன்னொன்றுக்குப் பக்கத்தில் இருப்பதில் இருக்கிறது. பழைய கட்டடங்களில் பாதி இன்றும் நிற்பது கீழே கடை ஓடுவதால். மீதிப் பாதி இடிந்து ஐந்து மாடி ஆனதும் கடை நன்றாக ஓடியதால். இதில் யாரைக் குறை சொல்வது?

வாங்கியதை லாரி புக்கிங் ஆபீசில் போட்டேன். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு தராசு, முகப்பில் ஊர்ப் பெயர்கள் எழுதிய பலகை. மூட்டையின் மேல் மையில் குறி போட்டு, எல்.ஆர். ரசீது எழுதினார்கள். கூலி ‘டூ பே’, அதாவது ஊரில் சரக்கை எடுக்கும்போது கட்ட வேண்டும். ஒரு மூட்டையில் கண்ணாடி இருக்கிறது என்று மூன்று முறை சொன்னேன். தலையாட்டிவிட்டு அதை அடியில் வைத்தார்கள்.

சாயங்காலம் தங்கசாலைத் தெரு. 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை இதன் வடகோடிக்கு வந்தது. பிறகு அந்த இடம் அரசு அச்சகமானது. தெற்குப் பக்கம் சௌகார்பேட்டை. மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வட்டிக் கடையும் நகையும் துணியுமாக இருக்கிறார்கள். பேரம் இந்தியில் தொடங்கித் தெலுங்கில் நடந்து தமிழில் முடிகிறது. காக்கடா ராம்பிரசாத் கடையில் சூடான ஜிலேபி. தெருவோரத்தில் முறுக்கு சாண்ட்விச்: இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, சட்னி. முறுக்குக்கு இப்படி ஒரு கதி வரும் என்று எங்கள் மணப்பாறைக்காரர்கள் நினைத்திருக்க மாட்டார்கள், ஆனால் நன்றாக இருந்தது. இருட்டியபின் சுபாஷ் சந்திரபோஸ் சாலையில் சீனா பாய் கடை. நெய்யில் குளித்த பொடி இட்லியும் ஊத்தப்பமும் மட்டும்தான் பிரதானம். உட்கார இடம் தேடாதீர்கள்.

ஞாயிறு

ஷட்டர் எல்லாம் இறங்கிவிட்டது. ஆண்டர்சன் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இன்றைக்குத்தான் தெரு இவ்வளவு அகலம் என்று தெரிந்தது.

வடக்கே நடந்தேன். பழைய ஜெயில் ரோட்டில் நகரச் சுவரின் மிச்சம், அதன் மேல் மாடிப் பூங்கா. பிரெஞ்சுக்காரருக்கும் ஐதர் அலிக்கும் பயந்து கட்டிய சுவர். செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்கத் திட்டம் போட்டார்கள், வசூலாகவே இல்லை. வால்டாக்ஸ் ரோடு, அதாவது சுவர் வரிச் சாலை, என்ற பெயர் மட்டும் வசூலானது.

ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் வயதானவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. பக்கத்தில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜாவுக்குத் தொடங்கியது. சென்ட்ரல் வந்தது 1873-ல். அதன்பின் ராயபுரத்தின் மவுசு போய்விட்டது. தூண்கள் வரிசையாக நிற்கும் அந்த முகப்பில் இன்று மின்சார ரயிலுக்குக் காத்திருந்த ஏழெட்டுப் பேர். எல்லோரும் நிழலுக்காகத்தான் அங்கே நின்றார்கள். மேற்கு மாதா கோயில் தெருவில் 1910-ல் கட்டிய பார்சிகளின் அக்னிக் கோயில். மற்றவர்கள் உள்ளே போகக் கூடாது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு நடந்தேன். கம்பெனிக்கு ஏற்றுமதியாகும் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டையில், இப்போது துணி வாங்கவே நகரம் திரண்டு வருகிறது. மகளுக்கு இரண்டு சுடிதார். விலையைச் சொன்னால் நம்ப மாட்டாள் என்பதால் பில்லைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

திங்கள்

ராஜாஜி சாலைக்கு இன்னொரு பெயர் முதல் கடற்கரைச் சாலை. துறைமுகம் கட்டும்வரை கடல் இங்கேதான் அடித்தது. கப்பல் தள்ளி நிற்கும். மசூலாப் படகில் அலை தாண்டிச் சரக்கு வரும். கயிற்றால் தைத்த அந்தப் படகுகள் வளைந்து கொடுப்பதால்தான் அலையில் உடையாமல் வந்தன. நனைந்தது, தொலைந்தது எல்லாம் வியாபாரியின் கணக்கு. துறைமுகம் கட்டும்போதும் 1881 புயல் பாதி வேலையைக் கொண்டுபோனது.

தலைமை அஞ்சலகம் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1884-ல் முடிந்த கட்டடம். அதே வரிசையில் 1897-ல் மதராஸ் வங்கிக்காக எழும்பிய மாளிகை, இப்போது ஸ்டேட் வங்கி. பணம் எடுக்க உள்ளே போனேன். விதானத்தைப் பார்த்தபடி வரிசையில் நிற்பது அப்படியொன்றும் அலுப்பாக இல்லை.

பர்மா பஜார் அந்தச் சாலையின் சுவரையொட்டி ஓடுகிறது. 1962-க்குப் பிறகு பர்மாவில் கடைகள் அரசுடைமை ஆனதும், தலைமுறைகளாக அங்கிருந்த தமிழர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். 1960களின் இறுதியில் அவர்களுக்குக் கிடைத்த இடம் இது. வெளிநாட்டு டேப் ரெக்கார்டரும் சென்ட்டும் வேண்டுமென்றால் ஒரு காலத்தில் இங்கேதான் வர வேண்டும். 1991-க்குப் பிறகு எல்லாம் எல்லா ஊரிலும் கிடைக்கத் தொடங்கியது. கடைக்காரர்கள் செல்போனுக்கு மாறிக்கொண்டார்கள். ஹெட்போன் ஒன்றுக்கு எண்ணூறு சொன்னார். நானும் கடைக்காரன்தான் என்றேன். முந்நூற்றைம்பது ஆனது. இருநூற்றுக்கே தந்திருப்பார் என்று பக்கத்தில் நின்றவர் பிறகு சொன்னார்.

பர்மாவிலிருந்து வந்த அந்தத் தமிழர்களின் சாப்பாடு இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலையில் தள்ளுவண்டிகளில் வரும். அத்தோ என்பது மஞ்சள் நிறத்தில் தடித்த நூடுல்ஸ். முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டெண்ணெய், மிளகாய்த் தூள் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னொரு கிண்ணம். முட்டை மசாலாவும் உண்டு: அவித்த முட்டையைப் பிளந்து, வறுத்த வெங்காயமும் புளியும் அடைத்து ஒரே வாயில் போட வேண்டும். காரம் குறைத்துக் கேளுங்கள். குறைத்துத்தான் போடுவார்கள், அப்போதும் காரமாகத்தான் இருக்கும். ஐந்து மணிக்கு முன் போனால் வண்டி வந்திருக்காது. எட்டு மணிக்கு மேல் மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் சூப் தீர்ந்துவிடும்.